ஒன்றரை மில்லிமீற்றர்

கந்தப்பளைச் சந்தி ஹார்ட்வெயார்க் கடை நிஸாமுக்கு
நான் எதை உரசுகிறேன் என்று இன்னும் தெரியாது.
அறுநூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று, இரண்டாயிரத்தில் ஒன்று,
சேண்ட் பேப்பரை உள்ளங்கையளவு நறுக்கித் தருவார்.
கதவா, அலுமாரியா, என்பார்.
சின்னச் சாமான், என்பேன்.

பகலெல்லாம் கெரட் கழுவுகிற கை.
ஓடைத் தண்ணீர் எலும்பைத் தொடும்.
இடக்கையில் நகமே இல்லை, ஒட்ட வெட்டியிருப்பேன்.
வலக்கைக்கு மட்டும் ரப்பர் உறை,
அதற்குள் பஞ்சு.
செபமாலை சிரிப்பான்:
ஒரு கைக்கு மட்டும் மழைக்கோட்டு போட்டவனை
இப்போதுதானடா பார்க்கிறேன்.

சோறு தின்பதுதான் பெரிய இடைஞ்சல்.
பருப்பு போய் நகத்தடியில் குந்திக்கொள்ளும்.
ஏறிய மஞ்சள் மூன்று நாளைக்கு இறங்காது.
கரண்டி கேட்டால்
தவமலர் தட்டை வைக்கிற சத்தத்திலேயே பதில் இருக்கும்.
வெள்ளிக்கிழமை நகத்தைத் தொடாதே,
விளக்கு வைத்த பிறகு தொடாதே,
வீட்டுக்குள் துணுக்கு விழுந்தால் சண்டை வரும்.
நான் வெட்டவில்லையே, தேய்க்கிறேன், தூள்தானே என்றேன்.
தூளுக்கும் சண்டை வரும் என்று
அன்றைக்கே நிரூபித்தாள்.

உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்தால்
விரல் நுனிச் சதைக்கு மேலே
வெள்ளையாய் ஒரு கோடு எட்டிப் பார்க்க வேண்டும்.
ஒன்றரை மில்லிமீற்றர். அதற்கு மேல் ஆசை கூடாது.
ஒரே பக்கமாக இழுக்க வேண்டும்.
மரம் அறுப்பது போல முன்னும் பின்னும் போனால்
வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காய்ப் பிரியும்.
பெருவிரலுக்குச் சரிவு,
லயத்துத் தகரத்தில் மழை எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கம்.
மோதிர விரல் நகம் பிறவியிலேயே கொக்கி.
அதைச் சமாதானப்படுத்துவதில்தான்
பாதி ராத்திரி போகும்.

நகமும் சதையும் போல இருங்கள் என்று
எங்கள் கல்யாணத்திலும் வாழ்த்தினார்கள்.
நடுவில் ஓர் இடுக்கு இருப்பதை
ஒருவரும் சொல்லவில்லை.
கிட்டார்த் தந்தி வந்து உட்காருவது அங்கேதான்.
சதை மட்டும் பட்டால் முனகும்.
நகம் மட்டும் பட்டால் கீச்சிடும்.
இரண்டும் ஒன்றாய்ப் பட்டு விட்டால், அது,
பழுத்த பேரிக்காய் தானாய்க் காம்பை விடுமே,
அப்படி.

வியாழக்கிழமை கெரட் மூட்டையின் நைலோன் முடிச்சு
மோதிர விரலில் பாதியைக் கொண்டு போனது.
நகக்கண் வரைக்கும்.
வலித்தது, ஆனால் நான் வலிக்காகத் திட்டவில்லை.
சனிக்கிழமை எட்டு மணிக்கு
நுவரெலியா ஹோட்டலில் வாசிக்க வேண்டும்.
மூவாயிரம் ரூபாய்.
அந்தச் சல்லி ஏற்கெனவே செலவாகி விட்டது.

வெள்ளிக்கிழமை பிள்ளைக் காம்பராவில் வேலை முடிந்து வந்தவள்
பேசாமல் பையிலிருந்து எடுத்து வைத்தாள்:
நசுங்கிய பிங்பொங் பந்து.
எப்போதோ நான் சொன்னதை
எங்கேயோ வைத்திருந்திருக்கிறாள்.
கத்தரிக்கோலால் பிறை ஒன்று வெட்டினேன்.
சூப்பர் குளூ.
அவள் என் விரலை அழுத்திப் பிடித்து
அறுபது வரை எண்ணினாள்.
நாற்பதில் கரண்ட் போனது.
இருட்டில் மிச்சத்தையும் எண்ணினாள்,
கொஞ்சம் மெதுவாக.
சாமி விளக்கு மட்டும் எரிந்தது.
நாளும் தப்பு, நேரமும் தப்பு.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை ஒட்டு பிடித்தது.
சூப் குடித்த வெள்ளைக்காரர்கள்
மோதிர விரலில் பிளாஸ்டிக் கேட்டிருக்க மாட்டார்கள்.
எனக்குக் கேட்டது.

கடைசி பஸ்ஸில் வந்து
ஆறிய சோற்றைப் பிசைந்தேன்.
அந்த ஒரு விரலின் நுனிக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.
கை கழுவியதும் தவமலர் இழுத்துப் பார்த்தாள்.
எல்லாம் மஞ்சள்.
இது ஒன்றாவது சுத்தமாயிருக்கே, என்றாள்.